‘கர்ரி ஃபேவர்’ என்பதிலும் நம்ம கறி இருக்கிறதா?

ரோஸ்ஹில்_டீச்சர் (கேள்வி)

வணக்கம். மொரீஷியஸில் ஆரம்பப் பள்ளியில் 22 வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். திங்கட்கிழமைக்குள் எனக்கு ஒரு பதில் வேண்டும், அதனால் இங்கே கேட்கிறேன்.

போன வாரம் ஆறாம் வகுப்பில், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைப் பாடமாக எடுத்தேன். கட்டுமரம், சுருட்டு, கஞ்சி, மிளகுத்தண்ணீர், கடைசியில் கறி. எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும். தமிழ் என்றால் அவர்களுக்கு என் வகுப்பு, கோவில், காவடி, வாழையிலையில் ஏழு கறி. அவ்வளவுதான். நான் பலகையில் ‘கறி’ என்று எழுதியதுமே ஒரு பையன் எழுந்து, “மிஸ், காரி கிரியோல் வார்த்தை. எங்க பாட்டி தினமும் சொல்வாங்க” என்றான். அந்தப் பாட்டிக்கு அவங்க பாட்டி கொடுத்த சொல் அது, கப்பலில் வந்தது என்று சொல்லி உட்காரவைத்தேன். அவன் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை அதே வகுப்புப் பெண் ஒருத்தி ஆங்கிலப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கதையில் ஒரு பையன் வாத்தியாரிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக அவர் பையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே போகிறான். அதற்கு அந்தப் புத்தகம் ‘கர்ரி ஃபேவர்’ என்கிறது. நாம் காக்காய் பிடிப்பது என்போமே, அதேதான். “மிஸ், இதுவும் நம்ம கறிதானா? கறி ஆக்கிப்போட்டு மயக்குறதா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லாமல், திங்கட்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தால் ‘கர்ரி’ என்ற ஒரே எழுத்துக்கூட்டலில் தோலைப் பதப்படுத்துவது, குதிரையைத் தேய்ப்பது, குழம்பு என்று மூன்று நிற்கின்றன. இதற்கு நடுவே எங்கள் பள்ளிக் கண்காட்சிக்காக ஒருவர் பெரிய அட்டையில் ‘கர்ரி: எல்லாப் பொருளும் தமிழே’ என்று அழகாக எழுதி ஒட்டிவிட்டார். வாட்ஸப்பில் நேர் எதிராக ஒரு செய்தி சுற்றுகிறது: 1390 வாக்கிலேயே இங்கிலாந்து அரண்மனைச் சமையல் நூலுக்கு ‘ஃபார்ம் ஆஃப் க்யூரி’ என்று பெயராம், அதனால் கர்ரி வெள்ளைக்காரன் வார்த்தையாம். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது.

என் கையில் உறுதியாக இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். சங்க காலத்தில் கறி என்றால் மிளகு. யவனர் கப்பல் முசிறிக்குப் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்கிறது அகநானூறு 149. அப்புறம் கறித்தல் என்றால் கடித்துத் தின்பது. பிறகு காய்கறி, தொட்டுக்கொள்ளும் கறி, ஆட்டுக்கறி. இதில் எது கடல் தாண்டியது, எது தாண்டவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் பெருமையாகவும் சொல்ல வேண்டும், பொய்யாகவும் இருக்கக் கூடாது.

லாயக்காரர்_போர்லூயி

டீச்சரம்மா, உங்கள் கேள்வியில் பாதிக்கு நான் பதில் சொல்ல முடியும். ஷாம் தெ மார்ஸ் பந்தயக் குதிரைகளோடு 31 வருடம் இருந்தவன் நான். 1812இல் தொடங்கிய மைதானம் அது. என் அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார்.

குதிரை தேய்க்கிற சீப்பை நாங்கள் பிரெஞ்சில் ‘எத்ரீய்’ என்போம். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் அதையே ‘கர்ரிகோம்’ என்பார். காலையில் ஓடிவிட்டு வந்த குதிரையைக் காட்டி “கர்ரி ஹிம்” என்பார். முதல் தடவை கேட்டபோது எனக்கும் அந்தப் பெண் பிள்ளைக்கு வந்த சந்தேகமே வந்தது.

அந்தச் சீப்பு எப்படி இருக்கும் என்றால், பழையது இரும்பு. உள்ளங்கை அகலத் தகட்டில் வரிசை வரிசையாகப் பல், பின்னால் மரப்பிடி. இப்போது ரப்பரில் வருகிறது. கழுத்தில் ஆரம்பித்து வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே பின்பக்கம் போக வேண்டும். காய்ந்த வியர்வையும் மண்ணும் உதிர்ந்த முடியும் புகை மாதிரி கிளம்பும். எலும்பு தெரிகிற முன்னங்கால் பக்கமும் முகத்திலும் வைக்கவே கூடாது. சரியாகத் தேய்த்தால் குதிரை மெல்ல நம் பக்கம் சாயும், கீழ் உதடு தொங்கும், கண் பாதி மூடும். அரை டன் உயிர் நம் கைக்குக் கட்டுப்பட்டு நிற்கும். காக்காய் பிடிப்பது என்ற பொருள் எங்கிருந்து வந்தது என்று அந்த நேரத்தில் அதன் முகத்தைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

என் பேத்தி பிரெஞ்சு இலக்கியம் படிக்கிறாள். மீதியை அவளிடம் கேட்டு எழுதுகிறேன். இந்த ‘கர்ரி’ பழைய பிரெஞ்சு வினைச்சொல். ‘தயார் செய்’, ‘ஒழுங்குபடுத்து’ என்று பொருள். குதிரையை ஒழுங்குபடுத்தினால் தேய்ப்பது, பதனிட்ட தோலை ஒழுங்குபடுத்தினால் மெருகேற்றி மென்மையாக்குவது. இரண்டும் ஒரே சொல்தான். நம் கறிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

‘ஃபேவர்’ கதை இன்னும் நன்றாக இருக்கிறது. 1300களின் தொடக்கத்தில் பிரான்சில் ‘ரொமான் தெ ஃபோவெல்’ என்று ஒரு நீண்ட கவிதை எழுந்தது. ஃபோவெல் ஒரு மங்கிய பழுப்புக் குதிரை. லாயத்திலிருந்து அரண்மனைக்குப் போய்விடுகிறது. அரசர்கள், போப், பிரபுக்கள் எல்லாரும் வரிசையில் நின்று அதைத் தேய்த்துவிடுகிறார்கள். அந்தப் பெயரின் ஆறு எழுத்தும் ஆறு கெட்ட குணங்களின் முதலெழுத்து: முகஸ்துதி, பேராசை, கயமை, நிலையில்லாமை, பொறாமை, கோழைத்தனம். இங்கிலாந்தில் ‘ஃபோவெலைத் தேய்ப்பது’ என்று சொல்லத் தொடங்கினார்கள். நாளாக ஆக அந்தக் குதிரை யாரென்றே மறந்துபோய், 1500களில் ஃபோவெல் ‘ஃபேவர்’ ஆகிவிட்டது. பிள்ளைகளிடம் குதிரைக் கதையாகச் சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள்.

தமிழ்வேர்

ஐயா சொன்னது அருமை. ஆனாலும் ஒரு கேள்வி. கறித்தல் என்றால் பல்லால் கடிப்பது. சீப்புக்கும் பல் இருக்கிறதே? பிரெஞ்சுக்கே அந்தச் சொல் நம்மிடமிருந்து போயிருக்கலாம் இல்லையா?

லாயக்காரர்_போர்லூயி

தம்பி, ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் இந்த வினைச்சொல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் 1498இல் இறங்குவதற்கு ரொம்ப முன்னாலேயே வழங்கியிருக்கிறது. வந்த வழியும் தெளிவாகத் தெரிகிறது, பழைய பிரெஞ்சு. ஒலி ஒத்துப்போவது மட்டும் போதாது. எங்கள் லாயத்தில் ஒரே நிறத்தில் இரண்டு குதிரை இருக்கும், தாய் வேறாக இருக்கும்.

டர்பன்_மசாலாக்கடை

அக்கா, நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் மசாலா விற்கிறேன். கோவில் மாலை வகுப்பில் கற்ற தமிழ், பிழை இருந்தால் திருத்துங்கள். குழம்புக் கர்ரியைப் பற்றி நான் சொல்கிறேன். அது எந்தச் சந்தேகமும் இல்லாமல் நம்முடையதுதான்.

முதலில் வாட்ஸப் செய்தி. 1390 நூலில் வரும் ‘க்யூரி’ என்றால் சமையல், அவ்வளவுதான். பிரெஞ்சில் சமைப்பதற்கு ‘க்விர்’ என்கிறார்களே, உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியுமே, அந்த உறவு. நூலுக்கு அந்தப் பெயரை வைத்து அச்சில் கொண்டுவந்தவர் சாமுவேல் பெக், அதுவும் 1780இல்தான். ஆக ‘சமையல் முறை’ என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு ‘கறி முறை’ என்று படித்துவிட்டார்கள். யாராவது மறுபடி அனுப்பினால் இதை அனுப்பிவையுங்கள்.

நம் சொல் போன வழி வேறு. போர்ச்சுகீசியர் வாயில் அது ‘கரில்’ ஆனது. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்தாவின் நூலில் கோழியும் இறைச்சியும் போட்டு ஆக்குவதைக் கரில் என்கிறார்கள் என்று இருக்கிறது. 1598இல் லின்ஸ்கோத்தன் என்ற டச்சுக்காரரின் பயண நூல் ஆங்கிலத்தில் வந்தபோது, மீனை வேகவைத்துச் சோற்றின் மேல் ஊற்றுகிற, கொஞ்சம் புளிப்பான சாறு ஒன்று வருகிறது. பெயர் ‘காரியேல்’. அக்கா, சோற்றில் ஊற்றுகிற புளிப்பான மீன் சாறு! அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் ஆயா வைக்கிற மீன்குழம்பு நானூறு வருடத்துக்கு முந்திய ஆங்கிலப் புத்தகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

1747இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் என்ற அம்மா தன் சமையல் நூலில் இந்திய முறையில் ‘கர்ரி’ செய்யக் குறிப்பு தந்தார். முதல் பதிப்பில் மஞ்சள் கிடையாது, மிளகாய் கிடையாது. கோழியோ முயலோ இரண்டு, மூன்று நான்கு சின்ன வெங்காயம், 30 மிளகு, ஒரு கரண்டி அரிசி. கொத்தமல்லி விதையைச் சுத்தமான இரும்பு மண்வாரியில் போட்டு நெருப்பில் வறுத்து இடிக்கச் சொல்கிறார். கடையில் தினமும் மல்லி வறுக்கிறவன் நான். அந்த வாசனை எனக்கு அங்கே தெரிகிறது. நீங்கள் சொன்ன அகநானூற்றோடு சேர்த்துப் பாருங்கள்: கறி என்ற பெயரில் மிளகு ஏற்றுமதியான நாட்டிலிருந்து போன சொல், லண்டனில் முதலில் அச்சாகும்போது காரத்துக்கு அதே மிளகுதான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நம்மவர்கள் அதற்குப் பெயர் வைத்ததே மிளகை வைத்துத்தான்.

எங்கள் பக்கம் இந்தச் சொல் 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து இறங்கியது. கூடவே 342 பேர், கரும்புத் தோட்டத்துக்கு. இன்று டர்பனில் கர்ரி சொந்தமாகவே வாழ்கிறது. காலையில் போன் செய்தால் “இன்னிக்கு என்ன கர்ரி?” என்றுதான் அம்மா கேட்பார், சாப்பாடு என்ன என்று பொருள். ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி ஊற்றித் தருவது பன்னிச்சோ. இங்கே பேசும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் கர்ரிக்குப் பெயர் ‘கெர்ரி’. கேப் டவுன் மலாய்க்காரர்கள் ஈஸ்டருக்கு மீனை வினிகரும் கெர்ரியும் போட்டு ஊறவைப்பார்கள். ஆனால் ‘கீரி’ என்று ஒரு சொல் அங்கே இருக்கிறது, கைத்தடி என்று பொருள், அது இந்த மண்ணின் பூர்வகுடிகளான கோய் மக்கள் மொழி. தமிழ்வேர் அண்ணா அதையும் சேர்த்துவிடாதீர்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு பொருளும் உண்டு, அகராதியில் கடைசியில் இருக்கும். தொண்ணூறுகளில் வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படித்துவந்த ஒரு பள்ளியில் என்னைச் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம். முதல் வாரம் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் இரண்டு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து “கர்ரி” என்றார்கள். வருடம் முழுக்க அதுதான் என் பெயர். அன்றிலிருந்து பாலாடைக்கட்டி வைத்த ரொட்டிதான் கொண்டுபோனேன். ஆயா ஏன் என்று கேட்கவில்லை, டப்பாவை மட்டும் கழுவி மேல் தட்டில் கவிழ்த்துவைத்தார். அக்கா, உங்கள் பிள்ளைகளில் யாராவது வெளிநாட்டுக்குப் படிக்கப் போனால் இதைக் கேட்க நேரலாம். அதற்கு முன்னால் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சேந்தாந்த்ரே_மங்கை

ரீயூனியனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தீவில் ‘காரி’ என்றால் வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சள். மசாலாத்தூள் போடுவதில்லை. மசாலா போட்டால் அது ‘மசாலே’ ஆகிவிடும், ஆட்டு மசாலே மாதிரி. சீனர், வெள்ளையர், ஆப்பிரிக்கர் எல்லார் வீட்டிலும் காரி. மசாலே என்றால் மட்டும் மலபார் வீட்டுச் சமையல் என்பார்கள், இங்கே தமிழர்களுக்கு அதுதான் பெயர். சொல்லைப் பொதுவாக்கிவிட்டு சாமானை நமக்கு வைத்துவிட்டார்கள்.

கறிவேப்பிலையை மறந்துவிட்டீர்களே! நாங்கள் ‘காலூபிலே’ என்கிறோம். மொரீஷியஸில் ‘காரிபூலே’. போர்லூயி சந்தையில் ஒரு கட்டு இலைக்கு மேலே அட்டையில் அதைப் பார்த்தபோது கோழிக் காரி என்றே படித்தேன், பிரெஞ்சில் கோழி ‘பூலே’ ஆயிற்றே. கடைக்கார அம்மா ஓர் இலையைக் கிள்ளி மூக்குக்கு நேரே நீட்டினார். அப்புறம் விளக்கம் தேவைப்படவில்லை. ‘ருகாய்’ என்பதில் ஊறுகாயும், ‘பிபாங்காய்’ என்பதில் பீர்க்கங்காயும் கேட்கிறது. டீச்சரக்கா, உங்கள் பிள்ளைகள் கிரியோல் பேசும்போதே பாதி தமிழ்க் காய்கறிக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்.

எபேன்_நிரலாளர்

டீச்சர், இன்னொரு கர்ரியும் இருக்கிறது. நான் கணினி நிரல் எழுதுகிறேன். பல உள்ளீடுகளை ஒரே சமயத்தில் வாங்கும் சார்பை (ஃபங்ஷன்), ஒவ்வொன்றாக வாங்கும் சங்கிலியாக மாற்றுவதற்கு ‘கர்ரியிங்’ என்று பெயர். ஹாஸ்கல் கர்ரி என்ற அமெரிக்கத் தர்க்கவியல் அறிஞரின் குடும்பப் பெயரால் வந்தது. அந்தக் கருத்தை 1924இலேயே ஷோன்ஃபிங்கல் என்ற இன்னொரு தர்க்கவியல் அறிஞர் எழுதியிருந்தார், பெயர் மட்டும் கர்ரிக்குப் போய்விட்டது. சமையலுக்கும் குதிரைக்கும் இதில் பங்கு இல்லை. ஆறாம் வகுப்புக்கு இது வேண்டாம், அட்டையில் ஒரு மூலையில் போட்டால் பெரிய பிள்ளைகள் பார்ப்பார்கள்.

ரோஸ்ஹில்_டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை முடிந்து இன்று புதன்கிழமை எழுதுகிறேன்.

டர்பன் தம்பி, உங்கள் டப்பாவைப் பற்றிப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதைப் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லவில்லை. மீன்குழம்பையும் 30 மிளகையும் சொன்னேன். லாயக்கார ஐயாவின் குதிரையைச் சொன்னபோது வகுப்பு முழுக்க உதட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேள்வி கேட்ட பெண் தன் புத்தகத்தில் ‘கர்ரி ஃபேவர்’ பக்கத்தில் பென்சிலால் ஒரு குதிரை வரைந்துவிட்டாள். அந்தப் புத்தகம் பள்ளிக்குச் சொந்தம். அழிக்கச் சொல்ல மனம் வரவில்லை.

அட்டையை எழுதியவரிடம் தனியாகப் பேசினேன். வருத்தப்பட்டார், அப்புறம் அவரே புதிதாக எழுதினார். கறியை நடுவில் வைத்து கரில், காரி, கெர்ரி, காலூபிலே என்று கிளை விட்டிருக்கிறார். குதிரையும் தோலும் தள்ளித் தனியாக, பிரெஞ்சு மரத்தில். முதல் அட்டையைவிட இதுதான் அழகு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன், ‘காரி கிரியோல் வார்த்தை’ என்றவன், இன்னும் என்னை நம்பாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் எங்கள் அம்மாவின் ‘ரோஸ் காரி’யை, அதாவது மசாலா அரைக்கிற கல்லை, காரில் வைத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். நம் தீவின் கருங்கல், நடுவில் தேய்ந்து குழியாகியிருக்கிறது. இரண்டு பையன்கள் சேர்ந்து தூக்கி மேசையில் வைத்தார்கள். இதற்குப் பெயர் என்ன என்று கேட்டேன். “ரோஸ் காரி!” உருட்டுகிற கல்லுக்கு? “பாபா!” என்று கத்தினார்கள். எங்கள் கிரியோலில் பாபா என்றால் குழந்தை. பெரிய கல் தாய், அதன் மேல் படுத்திருப்பது குழந்தை.

நான் பலகையில் ‘அம்மி’ என்று எழுதினேன். கீழே ‘குழவி’ என்று எழுதி, தமிழில் குழவி என்றால் என்ன பொருள் என்று தமிழ் அகராதியில் பார்க்கச் சொன்னேன். அந்தப் பையன்தான் முதலில் கண்டுபிடித்தான். விரலை அந்த வரியில் வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றான். “மிஸ், குழந்தைன்னு போட்டிருக்கு” என்றான். பிறகு வந்து குழவியை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். மணி அடித்தும் கீழே வைக்கவில்லை.

டர்பன் தம்பி, மங்கை, உங்கள் பக்கம் அம்மியையும் குழவியையும் இப்போது என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அட்டையில் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.